அம்மாவுக்கு மயஸ்தீனியா. இதயமும் தசைதானே, அதுவும் சோர்ந்துவிடுமா?

பாளை_பூங்கொடி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுவது முதல் தடவை.

அம்மாவுக்கு 61 வயது. பாளையங்கோட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். போன ஆடி மாதம் ஊசியில் நூல் கோக்கும்போது நூல் இரண்டாகத் தெரிகிறது என்றார். கண்ணாடியை மாற்றினோம். அப்புறம் சாயங்காலம் ஆனால் இடது இமை தொங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் சரியாக இருக்கும். ராத்திரி சாப்பிடும்போது பாதியிலேயே மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். கண், தொண்டை, பல் என்று 5 மாதம் அலைந்தோம். கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர் ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை ஏறி நின்றது. அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுதார்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்றார்கள். ரத்தப் பரிசோதனையிலும் அதற்கான ஆன்டிபாடி இருந்தது. பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் சிறுநீர்த் தொற்று வந்தது. தெருமுனை கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு இன்ன நோய் என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். மூன்றாம் நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. 4 நாள் ஐ.சி.யு.வில் இருந்தோம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கண் தசை, தாடைத் தசை, தொண்டைத் தசை எல்லாம் சோர்கிறதே, இதயமும் தசைதானே? அது ஒரு நாள் சோர்ந்தால்? அம்மா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டேன், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஏன் ஆகாது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே 40 பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பி.காம். படித்தவள். எளிமையாகச் சொன்னால் புரிந்துகொள்வேன்.

ஓய்வுபெற்ற_விலங்கியல்

பூங்கொடி, நான் கல்லூரியில் 31 வருடம் விலங்கியல் நடத்தியவன். டாக்டர் இல்லை. மருந்துபற்றிச் சொல்ல மாட்டேன், அதற்கு இங்கே விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். ஆனால் நீங்கள் கேட்கும் ‘ஏன்’ இருக்கிறதே, அதைத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பாடமாக நடத்தினேன்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. அம்மாவின் நோய் தாக்குகிற இடமே இதயத்தில் கிடையாது.

கையைத் தூக்க நினைத்தால் மூளையிலிருந்து மின்குறிப்பு நரம்பு வழியாக ஓடிவந்து தசையின் வாசலில் நின்றுவிடும். நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் 20,000-ல் ஒரு பங்கு இடைவெளி. நரம்பின் நுனி அந்த இடைவெளியில் அசிடைல்கோலின் என்கிற பொருளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டும். எதிர்க்கரையில், தசையின் மேல்படலத்தில், அதற்கான மடைகள் இருக்கின்றன. ஏரி மடை மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். அசிடைல்கோலின் மூலக்கூறு இரண்டு வந்து உட்கார்ந்தால் மடை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அது திறந்திருக்காது. இதைத்தான் அயனி சேனல் என்கிறார்கள்.

பொட்டலம் என்று சும்மா சொல்லவில்லை. 1952-ல் லண்டனில் பால் ஃபாட், பெர்னார்ட் காட்ஸ் இருவரும் தவளைத் தசைக்குள் நுண்ணிய மின்முனையை வைத்துப் பார்த்தபோது, நரம்பு சும்மா இருக்கும்போதுகூட அரை மில்லிவோல்ட் அளவில் குட்டிக் குட்டித் துடிப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பொட்டலம் தானாகப் பிரிவது என்பது பிறகு தெளிவானது. ஒரே ஒரு மடை திறப்பதைப் பார்க்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நெஹர், பெர்ட் சக்மன் இருவரும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியைத் தவளைத் தசைமேல் அழுத்தி வைத்து அதைப் பதிவு செய்தார்கள். ஒரு ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் சில பங்கு, அவ்வளவுதான் அந்த மின்னோட்டம். 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது. பல வருடம் கழித்து பெங்களூரில் ஒரு பயிற்சி முகாமில் நானும் அதைத் திரையில் பார்த்தேன். நேராகப் போன கோடு சட்டென்று ஒரு படி இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஏறியது. ஒரே ஒரு புரத மூலக்கூறு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது கண் கலங்கிவிட்டது. அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

சரி, நோய்க்கு வருகிறேன். அம்மாவின் உடம்பே அந்த மடைகளை அந்நியம் என்று நினைத்து, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தால் அழிக்கிறது. 1973-ல் பால்டிமோரில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி என்ற மூவர் நோயாளிகளின் தசையில் மடைகளை எண்ணிப் பார்த்தார்கள். சாதாரண ஆளுக்கு இருப்பதில் 11 முதல் 30 சதவீதம்தான் இருந்தது. எப்படி எண்ணினார்கள் தெரியுமா? பாம்பு விஷத்தால். தைவானில் வாழும் ஒரு பாம்பின் விஷத்தில் உள்ள புரதம் இந்த மடையை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாம்பு நம் ஊர் கட்டுவிரியனின் சொந்தம். அந்தப் புரதத்தில் கதிரியக்க அடையாளம் வைத்துவிட்டால் எண்ணிவிடலாம். அதே வருடம் கலிஃபோர்னியாவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை (அசிடைல்கோலினை வாங்கிக்கொள்ளும் அந்த மடையைத்தான் ஏற்பி என்கிறோம்) முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயல்கள் அம்மாவைப் போலவே தளர்ந்து விழுந்தன. உடம்பே தன் ஏற்பிக்கு எதிராகத் திரும்புகிறது என்பது அப்போது உறுதியானது.

சாயங்காலம் ஏன் மோசமாகிறது? நரம்பு தொடர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு தடவையும் கொட்டும் பொட்டலம் கொஞ்சம் குறையும். நமக்கு அது தெரியாது, ஏனென்றால் நரம்பு தேவைக்கு மேல் சில மடங்கு கொட்டுகிறது. மடை குறைந்தவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. ஐஸ் வைத்ததும் இமை ஏறியதற்குக் காரணம், அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதி குளிரில் மந்தமாகிவிடுகிறது, மிச்சமிருக்கும் மடைகளுக்கு அசிடைல்கோலின் கூடுதல் நேரம் கிடைக்கிறது. பைரிடோஸ்டிக்மினும் அந்த நொதியைத்தான் தடுக்கிறது.

இப்போது இதயம். அதற்கு வாசலில் காத்திருக்கும் வழக்கமே இல்லை. வலது மேலறையில் ஒரு சின்னத் திட்டு செல்கள் இருக்கின்றன. ஒரு துடிப்பு முடிந்ததும் அவற்றில் வேறு ஒரு வகை மடை தானாகத் திறந்து, மெல்ல மெல்ல மின்னழுத்தம் ஏறி, அடுத்த துடிப்பு கிளம்பிவிடும். அங்கிருந்து செல்லுக்குச் செல் நேரடிக் குழாய் வழியாகப் பரவும். அதாவது, இதயத்துக்குக் கட்டளை இதயத்துக்குள்ளிருந்தே வருகிறது. அந்தக் காலத்தில் பிராக்டிகல் வகுப்பில் தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைப்போம். நரம்பு ஒன்றுகூட இல்லை, ஆனால் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கரைசலுக்கே ஒரு கதை உண்டு. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் குழாய்த் தண்ணீரில் கரைசல் செய்தால் தவளை இதயம் துடித்தது, வாலை வடிநீரில் செய்தால் நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். அம்மாவுக்கு ஐ.சி.யு.வில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டில் ஏற்றியிருந்தால், அந்த ஆர் என்கிற எழுத்து அவர்தான்.

இதயமாற்று அறுவை சிகிச்சையில் நரம்புகளை வெட்டித்தான் இதயத்தை எடுக்கிறார்கள். புது உடம்பில் வைத்தபின் அது துடிக்கிறது, கொஞ்சம் வேகமாகவே.

பாளை_பூங்கொடி

ஐயா, இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘என் இதயம் யாரையும் கேட்காமல் வேலை செய்யுதா’ என்று கேட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். சிரிக்கும்போது உதடு ஓரம் முழுதாக ஏறவில்லை, இருந்தாலும் சிரித்தார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மாவின் நாடி 50, 52 என்று இருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். ரத்த அழுத்தத்துக்கு 7 வருடமாக அட்டெனோலால் சாப்பிடுகிறார். நோய்க்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை என்றால் நாடி ஏன் குறைகிறது?

ஓய்வுபெற்ற_விலங்கியல்

இதைக் கேட்டீர்களே, நல்லது. நான் பாதிதான் சொன்னேன்.

நரம்பு இல்லாமல் இதயம் துடிக்கும், ஆனால் நரம்பு சொன்னால் வேகத்தை மாற்றும். வேகஸ் நரம்பு கடிவாளம் மாதிரி. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார். இதயம் மந்தமானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமானது. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்தது. முதல் ராத்திரி எழுந்து குறித்து வைத்தார், காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுராத்திரி அதே கனவு வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். அந்தக் கரைசலில் இருந்தது அசிடைல்கோலின்.

அதே பொருள் கையில் தசையைச் சுருக்குகிறது, இதயத்தை அமைதியாக்குகிறது. காரணம், வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேறு. இதயத்தில் உள்ள ஏற்பி சோடியம் மடை இல்லை. அது பக்கத்தில் இருக்கும் பொட்டாசியம் மடையைத் திறக்கவைக்கும், பொட்டாசியம் வெளியே போனால் துடிப்பு தாமதமாகும். அம்மாவின் ஆன்டிபாடி கைத்தசை ஏற்பியைத்தான் அடையாளம் காணும், இதை அல்ல. ஆனால் பைரிடோஸ்டிக்மினுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. அது எல்லா இடத்திலும் அசிடைல்கோலினை நீடிக்கவைக்கும். அட்டெனோலால் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

ஐசியு_செவிலி_கோவை

தங்கச்சி, நான் 16 வருடம் ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். மயஸ்தீனியா நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அவசரமானது: அட்டெனோலால் பீட்டா பிளாக்கர் வகை. அதுவும் நாடியைக் குறைக்கும், பைரிடோஸ்டிக்மினும் குறைக்கும். அதோடு பீட்டா பிளாக்கர் மயஸ்தீனியாவையே மோசமாக்கலாம் என்று எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. தலைசுற்றல் இருப்பதால் நாளைக்கே டாக்டரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுங்கள். மயங்கி விழுந்தாலோ நாடி இன்னும் இறங்கினாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் நீங்களாக அட்டெனோலாலை நிறுத்திவிடாதீர்கள். 7 வருடம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, படபடப்பு வரலாம். பைரிடோஸ்டிக்மினையும் நிறுத்தக் கூடாது. இரண்டு டாக்டரும் ஒரே மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. இதய டாக்டருக்கு ஒரு ஃபைல், நரம்பு டாக்டருக்கு ஒரு ஃபைல், வீட்டில் மருந்து டப்பா ஒன்று.

உங்களுக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுத்தது படித்ததும் வயிறு எரிந்தது. அந்த வகை மாத்திரைகள், அசித்ரோமைசின் வகை, ஜென்டாமைசின் வகை ஊசி, மெக்னீசியம் ஊசி, இவையெல்லாம் நரம்பு-தசைச் சந்திப்பை இன்னும் பலவீனமாக்கும். ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள். எந்த கிளினிக் போனாலும் வாயால் சொல்லாமல் அட்டையை மேசைமேல் வையுங்கள். எழுத்தில் இருந்தால் படிக்கிறார்கள்.

இன்னொன்று. லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் இரண்டும் இதயத்திலும் ஒரு வேலை செய்யும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் பழைய நிலைக்குத் திரும்ப ஹெர்க் என்கிற பொட்டாசியம் மடை திறக்க வேண்டும். இந்த மருந்துகள் அதை ஓரளவு அடைக்கும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்கிற இடைவெளி நீளும், ரொம்ப நீண்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். இது மயஸ்தீனியா இல்லாதவருக்கும் பொருந்தும். டெர்ஃபெனடின் என்று ஒரு அலர்ஜி மாத்திரை இருந்தது, இதே காரணத்துக்காக 1998-ல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இந்த ஆபத்து கூடும். பைரிடோஸ்டிக்மினால் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேராசிரியர் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். இதயத்துக்கு முழு விலக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அபூர்வமாகத்தான், ஆனால் உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ள சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி வரும். ஜப்பானில் இப்படிப்பட்ட நோயாளிகள் சிலரிடம் இதயத்தில் உள்ள ஒரு பொட்டாசியம் மடைக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில புதிய நோயெதிர்ப்பு மருந்துகளும் மயஸ்தீனியாவையும் இதய அழற்சியையும் ஒன்றாகக் கொண்டுவருவதுண்டு. அம்மாவுக்கு நெஞ்சு சி.டி. எடுத்தார்களா? கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறீர்களே, அந்தப் பார்வை வீணில்லை. நீங்கள் பார்ப்பது இதயத்தை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மூச்சை. உதரவிதானம் கைத்தசை மாதிரியே நரம்பின் கட்டளைக்குக் காத்திருக்கும் தசை. மயஸ்தீனியாவில் ஆளை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவருவது அதுதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பி இருக்காதீர்கள், தசை தளர்ந்த பிறகும் ரொம்ப நேரம் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவை ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு வரை போகிறார் என்று காலண்டரில் எழுதுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்துகொண்டே வந்து 20-ஐத் தாண்ட முடியவில்லை என்றால், படுத்தால் மூச்சு முட்டினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆட்டோவில் ஏறிக்கொண்டே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

இமை_தூக்கி_14

எனக்கு மயஸ்தீனியா வந்து 14 வருடம் ஆகிறது. தைமஸ் அறுவை சிகிச்சை ஆனது. இப்போது ரேஷன் கடையில் எடை போடும் வேலை.

பூங்கொடி, அம்மாவுக்குச் சாப்பாடு மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கொடுங்கள். அப்போதுதான் தாடைக்கும் தொண்டைக்கும் பலம் இருக்கும். ராத்திரி சப்பாத்தி, முறுக்கு, கறி வேண்டாம். குழைந்த சாதம், இடியாப்பம், ஆறின கஞ்சி. ரொம்பச் சூடாகக் கொடுக்காதீர்கள், எனக்குச் சூடான ரசம் குடித்தாலே நாக்கு தளர்ந்துவிடும். தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் காலையில் தைக்கட்டும். தடுக்காதீர்கள். 20 நிமிடம் தைத்து 20 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஓடுகிறது. மிஷினைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டால் அம்மாவுக்கு அது இன்னொரு நோய்.

1934-ல் லண்டனின் கிரீனிச் பகுதியில் மேரி வாக்கர் என்ற டாக்டரம்மா இந்த வகை மருந்தை மயஸ்தீனியா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். அம்பு நுனியில் தடவும் குராரே விஷம் ஏறியவரைப் போலவே இந்த நோயாளிகள் இருக்கிறார்களே, அந்த விஷத்துக்கு மாற்று இதற்கும் பலிக்காதா என்று யோசித்திருக்கிறார். பலித்தது. நான் காலையில் முதல் மாத்திரை போடும்போது பல நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

பாளை_பூங்கொடி

11 நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

அக்கா சொன்ன மறுநாளே இதய டாக்டரிடம் போனோம். ஈ.சி.ஜி.யில் நாடி 49, மற்றபடி சரி, க்யூ.டி.யும் அளவுக்குள் இருந்தது. எக்கோவும் நன்றாக இருக்கிறது. எங்கள் முன்னாலேயே நரம்பியல் டாக்டருக்கு போன் போட்டுப் பேசினார். அட்டெனோலாலைப் படிப்படியாகக் குறைத்து வேறு வகை மாத்திரைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலை நாடி 64. தலைசுற்றல் இல்லை. நெஞ்சு சி.டி. ஏற்கனவே எடுத்திருக்கிறார்களாம், கட்டி இல்லை. எனக்குத்தான் ஃபைலில் பார்க்கத் தெரியவில்லை.

அட்டை எழுதி லேமினேட் செய்துவிட்டேன். பர்ஸில் ஒன்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று.

மூச்சு எண்ணுவது தினம் காலை 7 மணிக்கு. முதல் நாள் 23. நேற்று 31. அம்மாவுக்கு அதில் ஒரு போட்டி வந்துவிட்டது, பக்கத்து வீட்டு மாமியையும் எண்ணவைக்கிறார். மாமி 38 வரை போனார்.

அண்ணா, மிஷின் துணியை எடுத்துவிட்டேன். காலை வெளிச்சத்தில் 20 நிமிடம். நேற்று ஒரு ரவிக்கைக்குக் கை மட்டும் வைத்து முடித்தார். நூல் நான்தான் கோத்துக் கொடுத்தேன்.